பன்னிரண்டாயிரம் என்ற ஓர் எண்

குழு லோன் கேட்ட பெண்ணின் வீட்டு வாசலில் பைக் நிற்கிறது. இறங்கும் இளைஞருக்கு இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதிருக்கும், கையில் டேப். “மாச வருமானம் எவ்வளவுக்கா?” “ஒரு பன்னெண்டாயிரம் வரும் தம்பி.” “செலவு?” “வர்றதெல்லாம் செலவுதான்.” இருவரும் சிரிக்கிறார்கள். செலவுக்கான கட்டத்தில் கடன் கிடைக்கத் தோதான ஓர் எண்ணை அவர் தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

இந்த ஐந்து நிமிடத்தின் மேல்தான் இன்று நுண்கடன் துறையே நிற்கிறது. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு மிகாத குடும்பத்துக்குப் பிணையில்லாமல் தருவது நுண்கடன். அந்தக் குடும்பம் கட்டும் எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அதே விதிகள், நுண்கடன் நிறுவனங்களின் வட்டிக்கு இருந்த உச்சவரம்பை எடுத்துவிட்டன. ஆக, மிஞ்சியிருக்கும் பெரிய வேலி அந்தப் ‘பாதி’தான். எதில் பாதி? திண்ணையில் அந்த இளைஞர் பதிவுசெய்த எண்ணில் பாதி. அப்படியென்றால், குடும்பக் கணக்கைப் படிக்க அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

பல நிறுவனங்களில் பயிற்சி என்பது சில நாள் வகுப்பு. பிறகு ஒரு சீனியரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, குழுக்கள் கூடும் சென்டர் மீட்டிங்குகளைப் பார்த்து வருவது. களப்பயணம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால், அந்தக் களத்தில் தெரிவது என்ன? பெண்கள் வரிசையாக உட்கார்கிறார்கள், உறுதிமொழி சொல்கிறார்கள், பணம் கைமாறுகிறது, வசூல் நூறு சதவீதம். ஐந்து பேர் குழுவில் ஒருவர் மட்டும் வரவில்லை. அவர் தவணையை மற்ற நால்வரும் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். அந்த நால்வரில் ஒருத்தி காலையில்தான் தோட்டை அடகு வைத்துவிட்டு வந்திருப்பாள். பயிற்சிக்கு வந்தவரின் நோட்டில் இது ‘குழு ஒற்றுமை’ என்று பதிவாகும்.

வங்கதேசத்தில் இந்தக் குழுக் கடன் முறை தொடங்கியபோது பயிற்சி இப்படி இல்லை. 1976இல் சிட்டகாங் பல்கலைக்கழகத்தை ஒட்டிய ஜோப்ரா கிராமத்தில் முகம்மது யூனுஸ் 42 பேருக்குக் கொடுத்த மொத்தத் தொகை 856 டாக்கா. யாருக்கு எவ்வளவு கடன், யாரிடம் என்று வீடு வீடாகக் கேட்டுப் பட்டியல் போட்ட பிறகு வந்த எண் அது. அவர் தொடங்கிய கிராமின் திட்டம் 1983இல் வங்கியான பிறகும் இந்தப் பழக்கம் பயிற்சியில் நீடித்தது. புதிதாகச் சேர்ந்தவர்களை நேரே கிளைகளுக்கு அனுப்பினார்கள். பார், கேள், குறை சொல் என்பதுதான் பாடம். கடன் வாங்கிய பெண்ணின் வாழ்க்கைக் கதையை விசாரித்து எழுதி வர வேண்டும். புதிய கிளை தொடங்கப் போகும் மேலாளர் முதலில் அந்த வட்டாரத்தின் வரலாறு, தொழில், வறுமை பற்றி அறிக்கை எழுத வேண்டும். கடன் கொடுப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

உலகமெங்கும் இருந்து போய்ப் பார்த்தவர்கள், நாம் உட்பட, கொண்டுவந்தது ஐந்து பேர் குழுவையும் வாரத் தவணையையும். கண்ணுக்குத் தெரிந்தவை அவைதான். உட்கார்ந்து கதை கேட்கும் மாதங்களை யாரும் மூட்டை கட்டவில்லை; சம்பளக் கணக்கில் அது வீண் செலவு. அதன் விலையை 2010இல் ஆந்திரம் கொடுத்தது. ஒரே வீட்டுக்கு மூன்று நான்கு நிறுவனங்கள் கடன் கொடுத்திருந்தன. வசூல் நெருக்கடி, தற்கொலைச் செய்திகள், அவசரச் சட்டம் என்று போய் முடிந்தது. தமிழ்நாடும் வலுக்கட்டாய வசூலைத் தடுக்க 2025இல் சட்டம் கொண்டுவந்தது. வேண்டிய சட்டம்தான். ஆனால், மிரட்டல் தொடங்குவது வசூல் நாளில் அல்ல, தாங்க முடியாத கடனைத் திண்ணையில் வைத்து எழுதிய நாளில்.

இப்போதுதான் கிரெடிட் பீரோ இருக்கிறதே என்பார்கள். அதில் வங்கி, நிறுவனக் கடன் தெரியும். கைமாற்று, மீட்டர் வட்டி, அண்ணாச்சி கடைப் பற்று தெரியாது. 2009இல் வெளிவந்த ‘போர்ட்ஃபோலியோஸ் ஆஃப் தி புவர்’ நூலுக்காக வங்கதேசம், இந்தியா, தென்னாப்பிரிக்காவில் ஏழைக் குடும்பங்களைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஓராண்டுக்குச் சந்தித்துக் கணக்கெடுத்தார்கள். பல முறை போன பிறகுதான் மறைந்திருந்த கொடுக்கல் வாங்கல் வெளியே வந்தது. முதல் சந்திப்பில் எந்தப் பெண்ணும் முழுக் கணக்கைச் சொல்ல மாட்டாள். ஏன் சொல்ல வேண்டும்? வந்திருப்பவரின் பேரே லோன் ஆபீசர்.

எனவே, பயிற்சிக்கு வருபவரை வசூல் இல்லாத நாளில் அனுப்ப வேண்டும், நிறுவனத்தின் பையும் டேப்பும் இல்லாமல். நன்றாகக் கட்டுபவரைவிட, பாதியில் நின்றுபோனவர் வீட்டுக்கு முதலில் போகட்டும். நான்கைந்து குடும்பங்களை ஆறு மாதம் தொடர்ந்து பார்த்து எழுதட்டும். பணி உறுதியாவது அந்த நோட்டைப் படித்த பிறகு இருக்கட்டும். இதற்குச் செலவாகும் என்பது உண்மை. களப்பணியாளர்கள் அடிக்கடி வேலையை விட்டுப் போகும் துறை இது; ஆறு மாதச் சம்பளம் போட்டுப் படிக்கவைத்த ஆள் ஏழாம் மாதம் பக்கத்து நிறுவனத்துக்குப் போய்விடுவார் என்ற பயமும் நியாயமே. வாராக் கடனாக எழுதித் தள்ளும் தொகையோடு அதை வைத்துப் பார்த்தால் எது பெரிது என்று நிறுவனங்களே கணக்குப் போடட்டும்.

அந்த நோட்டு எழுதிய ஒருவர் அதே திண்ணைக்கு வந்தால், “வருமானம் எவ்வளவு?” என்று ஆரம்பிக்க மாட்டார். “போன ஐப்பசி மழைல வீட்டுக்காரருக்குக் கொத்து வேலை எத்தனை நாள்க்கா இருந்துச்சு? ஜூன்ல புள்ளைங்க ஃபீஸ் எப்படிக் கட்டுனீங்க?” என்பார். பன்னிரண்டாயிரம் சித்திரையில் பதினைந்தாகவும், ஐப்பசியில் நாலாகவும் பிரியும். தவணைக்கு நாலாயிரத்தில் பாதியைத்தான் கணக்கு வைக்க முடியும்.