கடலைக் காட்டில் ஒரு நோட்டுப் புத்தகம்

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "இரண்டு ஏக்கரில் கடலை போட்டிருக்கிறேன். விதைத்த மூன்றாம் நாளிலிருந்து பறவைகள் கிளறுகின்றன. மருந்து கலந்த கடலையை வரப்போரம் போட்டு வைக்கச் சொல்கிறார் பக்கத்துக் காட்டுக்காரர். எட்டாம் வகுப்புப் படிக்கிற என் மகன் அது வேண்டாம் என்று அழுகிறான். பறவை பார்ப்பதுதான் அவனுக்கு இப்போது பொழுதுபோக்கு. இதில் ஏதாவது பிரயோசனம் உண்டா? பைனாகுலர் வாங்கித் தரலாமா?"

முதலில் மருந்து விஷயம். வைக்கக் கூடாது. காட்டுக்கு வருவதில் மயிலும் இருக்கும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. விஷம் வைத்துக் கொன்றால் சிறை வரை போகும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், வரப்பில் கிடக்கும் கடலைக்கு யார் வந்து வாய் வைப்பார்கள் என்று எவராலும் சொல்ல முடியாது. கௌதாரி தின்னும், வீட்டுக் கோழி தின்னும், பக்கத்து வீட்டு ஆடும் தின்னும். கடலை முளைத்து வேர் பிடிக்கும் வரை, அதாவது முதல் பத்து நாள், விடியற்காலையிலும் மாலையிலும் ஆள் நின்று விரட்டுவதுதான் நின்று பலன் தருகிற முறை. பளபளப்பு ரிப்பன் கட்டலாம். ஆனால் நாலைந்து நாளில் பறவைகளுக்கு அது பழகிவிடும். இடம் மாற்றிக் கட்ட வேண்டும்.

காவல் நிற்கப் போகிறவர் சும்மா நிற்க வேண்டியதில்லை. பையனுடைய பொழுதுபோக்குக்கு அந்தப் பத்து நாளைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. வேடந்தாங்கலுக்கும் கூந்தன்குளத்துக்கும் பிறகு போய்க்கொள்ளலாம். சொந்தக் காட்டில் வருகிற இருபது வகையைப் பார்த்தவுடன் சொல்லத் தெரிந்தவனுக்குத்தான் அங்கே போனால் புதியது கண்ணில் படும்.

பைனாகுலர் முதல் ஆறு மாதத்துக்கு வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டும் பென்சிலும் போதும். பொழுது விடிந்ததிலிருந்து எட்டு மணி வரை நல்ல நேரம். கண்ணைப் பறிக்கிற நிறத்தில் சட்டை வேண்டாம். நடந்துகொண்டே தேடுவதைவிட வேப்ப மரத்தடியில் அரை மணி அசையாமல் உட்கார்ந்தால் பறவைகள் தாமே வரும். புதிதாக ஒன்று வந்தால் உடனே பெயரைத் தேடி ஓட வேண்டாம். முதலில் அளவு: சிட்டுக்குருவியைவிடச் சிறியதா, மைனா அளவா, காக்கை அளவா? பிறகு அலகு, வால், கால். தரையில் நடக்கிறதா, தத்துகிறதா? கடைசியாகத்தான் நிறம். வெயில் எதிரே இருந்தால் நிறம் ஏமாற்றிவிடும். பெயரை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டாலே பாதி கிடைத்துவிடும். இரட்டைவால் குருவி என்று ஒருவர் சொல்வதையே இன்னொருவர் கரிச்சான் என்பார். இரண்டையும் எழுதிக்கொள்ள வேண்டியதுதான். மீதிக்கு மெர்லின் என்ற கைப்பேசிச் செயலி இலவசமாகக் கிடைக்கிறது. குரலைக் கேட்டே பெயர் சொல்லும், சில சமயம் தப்பாகவும் சொல்லும்.

இதில் விவசாயி வீட்டுப் பிள்ளைக்குக் கூடுதலாக ஒரு வேலை இருக்கிறது. நோட்டில் தேதி, நேரம், எண்ணிக்கையோடு "அலகில் என்ன இருந்தது" என்று ஒரு கட்டம் போட வேண்டும். கடலைக் காட்டில் மைனா நடந்தால் எல்லோரும் கல்லை எடுக்கிறார்கள். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் அது பெரும்பாலும் புழுவையும் வெட்டுக்கிளியையும் பொறுக்கிக்கொண்டிருப்பது தெரியும். விதையைக் கிளறுவதில் காக்கையும் மயிலும்தான் முன்னால் நிற்கும். பெயர் "உண்ணிக்கொக்கு" என்றாலும், உழவு ஓட்டும்போது டிராக்டர் பின்னால் ஓடி வருகிற அந்தக் கொக்கு உண்ணியைவிட வெட்டுக்கிளியைத்தான் அதிகம் பிடிக்கிறது. கம்பளிப் புழுவை மற்ற பறவைகள் பெரும்பாலும் தொடுவதில்லை. சுடலைக்குயில் மட்டும் ஆசையாகத் தின்னும். கறுப்பு வெள்ளை உடம்பும் தலையில் கொண்டையுமாக மழைக்காலத்தில் அது வந்து உட்கார்ந்தால் நோட்டில் தனியாகக் குறித்துக்கொள்ளலாம்.

பறவை எல்லாமே நண்பன் என்று சொல்லிவிட முடியாது. பனிக்காலத்தில் கூட்டமாக வருகிற சோளக்குருவி, சோளமும் கம்பும் விளைந்த காட்டில் இறங்கினால் உண்மையிலேயே நஷ்டம். அதே பறவை, குஞ்சு பொரிக்கிற மத்திய ஆசியப் பகுதிகளில் வெட்டுக்கிளிக் கூட்டத்தைத் தின்று தீர்க்கிறது. சீனாவின் சின்ஜியாங் பகுதியில் இதற்கென்றே கூடு வைக்க இடம் கட்டித் தருகிறார்கள். எந்த மாதத்தில் எந்தப் பறவை என்ன செய்கிறது என்பதை அவரவர் காட்டில் எழுதி வைத்தால்தான் எப்போது விரட்டுவது, எப்போது விட்டுவிடுவது என்று தெரியும்.

கரிச்சானுக்கு உட்கார ஓர் இடம் வேண்டும். அங்கிருந்து பறந்து பூச்சியைப் பிடித்துக்கொண்டு அதே இடத்துக்குத் திரும்பும். பயிர் உயரத்துக்குச் சற்று மேலே நிற்கும்படி, குறுக்குக் கட்டை வைத்த குச்சிகளை ஏக்கருக்குப் பதினைந்து இருபது நட்டால் பூச்சி மருந்துச் செலவு குறையும், பையனுக்கும் வேடிக்கை. நெல் வயலாக இருந்தால் கதிர் பால் பிடித்ததும் குச்சியைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் சில்லைக் குருவிகள் அதில் உட்கார்ந்து கதிரை உருவும். கரிச்சான் தன் கூட்டுப் பக்கம் வந்த பருந்தையே துரத்திக்கொண்டு போவதை ஒரு தடவை பார்த்தால் பையன் இந்தப் பழக்கத்தை விட மாட்டான். பனை மரத்தில் ஆண் தூக்கணாங்குருவி பாதிக் கூடு கட்டி வைத்து, பெண் குருவி வந்து பார்த்துப் பிடிக்கிறதா என்று காத்திருக்கும். கல்யாண வீட்டில் பார்க்கிற காட்சிதான்.

ஆறு மாதம் நோட்டு நிறைந்தால் பைனாகுலர் வாங்கலாம். 8×42 என்று போட்டிருப்பது போதும். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடி 42 மில்லிமீட்டர். அதற்கு மேல் பெரிதாக்கினால் கை ஆடி எதுவும் தெரியாது. பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பார்த்ததை எண்ணி இ-பேர்டு தளத்தில் பதியலாம். மாட்டுப் பொங்கலன்று தொழுவத்தைச் சுற்றி எண்ணினால்கூடக் கணக்கில் சேரும். ஓர் எச்சரிக்கை: ஆள்காட்டிக் குருவி வெறுந்தரையில்தான் முட்டையிடும். தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றினால் அங்கே முட்டை இருக்கிறது என்று அர்த்தம். குனிந்து தேடிப் படம் எடுக்க வேண்டாம். தள்ளி ஒரு குச்சி நட்டு அடையாளம் வைத்தால் டிராக்டர் ஓட்டுபவர் ஒதுங்கிப் போவார்.

தஞ்சாவூர்ப் பக்கத்து வாசகர் ஒருவருக்கு வேறு கவலை. மோட்டார் கொட்டகைப் பரணில் இரண்டு கூகைகள் குடியேறியிருக்கின்றன. வீட்டுக்கு ஆகாது, பாம்பு மாதிரிச் சீறுகின்றன, அடித்து விரட்டு என்று அம்மா சொல்கிறாராம்.

சீறுவது கூகையின் இயல்பு. குஞ்சு இருந்தால் இன்னும் பலமாகக் கேட்கும். ஆகுமா ஆகாதா என்பதைப் பரணுக்குக் கீழேயே பார்த்துக்கொள்ளலாம். கூகை எலியை முழுசாக விழுங்கும். செரிக்காத எலும்பையும் ரோமத்தையும் பெருவிரல் பருமனில் உருண்டையாகத் துப்பிவிடும். காய்ந்த உருண்டை ஒன்றைக் காகிதத்தில் வைத்துக் குச்சியால் பிரித்தால் உள்ளே எலி மண்டையோடுகள் முழுசாக இருக்கும், எண்ணிவிடலாம். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சம்பா வயலில் எலி வெட்டுக்கு எவ்வளவு செலவழித்தோம் என்று தெரிந்த அம்மாவுக்கு அந்த மண்டையோடுகளைக் காட்டினால் போதும். புரோமோடையலோன் போன்ற எலி மருந்தை அந்தப் பக்கம் வைக்க வேண்டாம். மருந்து தின்ற எலியைத் தின்றால் கூகையும் செத்துப்போகும். கொட்டகைக் கதவைப் பூட்டினாலும் அவை வந்துபோகிற சந்தை மட்டும் குஞ்சுகள் பறக்கும் வரை அடைக்காமல் விட வேண்டும்.