ஓநாயின் பெயரால் உரிமையைப் பறிப்பதா?

பட்டியில் ஓநாய் புகுந்தால் கமக்காரன் கைகட்டி நிற்கவேண்டும் என்று நாம் கூறவில்லை. அவ்வாறு கூறுபவர் ஒருநாளேனும் பட்டி காத்தவராக இருக்க முடியாது. காட்டுப்பன்றி கிளறிய வயலையும் யானை மிதித்த தோட்டத்தையும் விடியற்காலையிற் கண்டு தலையிற் கைவைத்த நம் கமக்காரருக்கு இதனை நாம் விளக்கவும் வேண்டியதில்லை. ஆனால், பட்டியைக் காப்பது வேறு. பட்டியின் பெயரைச் சொல்லிக் காட்டைச் சூறையாடுவது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் என்ன நேரும் என்பதற்கு, அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் 2021ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் நடந்தது தக்க சான்றாகும்.

அம்மாநிலம் 1865இல் ஓநாயைக் கொல்வோருக்குப் பரிசுப்பணம் அறிவித்தது. அந்தத் திட்டம் 1957 வரை நடைபெற்றது. அது கைவிடப்பட்டபோது காப்பதற்கு ஓநாய்கள் இருக்கவில்லை. 1960 அளவில் அவை அங்கு அடியோடு மறைந்தன. அருகிவரும் உயிரினங்களைக் காக்கும் மத்திய சட்டம் 1973இல் நிறைவேறிய பின்னர், அண்டை மாநிலமாகிய மினசோட்டாவிலிருந்து அவை தாமாகவே திரும்பி வந்தன. எவரும் கூண்டிற் கொண்டுவந்து விடவில்லை. 2020ஆம் ஆண்டுக் குளிர்காலக் கணக்கெடுப்பின்படி அவற்றின் தொகை ஆயிரத்தைத் தாண்டியிருந்தது.

2021 ஜனவரி 4ஆந் திகதி மத்திய அரசின் பாதுகாப்பு நீங்கியது. பாதுகாப்பு நீங்கிய காலத்தில் ஓநாய் வேட்டையை "அனுமதிக்கலாம்" என்றன்று, "அனுமதிக்க வேண்டும்" என்றே 2012இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டம் விதித்திருந்தது. இவ்விரு சொற்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைச் சட்டம் பயின்றோர் நன்கறிவர். ஆராய்ந்து, பழங்குடி மக்களையும் கலந்து, நவம்பரில் வேட்டையைத் தொடங்கலாம் என்று மாநிலத் திணைக்களம் எண்ணியது. கன்சாஸ் மாநிலத்தைத் தளமாகக் கொண்ட வேட்டைக்காரர் சங்கமொன்று வழக்குத் தொடுத்தது. பெப்ரவரி முடியுமுன்னரே வேட்டையை நடத்துமாறு நீதிமன்று கட்டளையிட்டது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். கொல்லத்தக்க தொகை 200 என்று தீர்மானிக்கப்பட்டது. அதில் 81 ஒஜிப்வே பழங்குடி மக்களின் பங்கு. எஞ்சிய 119 ஏனைய வேட்டைக்காரருக்கு. வழக்கமாக ஓர் ஓநாய்க்குப் பத்து அனுமதிப்பத்திரம் என்றிருந்ததை இம்முறை இருபதாக்கினர். பெப்ரவரி 22ஆந் திகதி வேட்டை தொடங்கியது. ஒருவார காலத்துக்கென வகுத்ததை மூன்று நாட்களுக்குள் மூடவேண்டியதாயிற்று. அதற்குள் மாண்டவை 218. தமக்குரிய 119ஐ முடித்து, பிறருக்குரிய 81ஐயும் விழுங்கி, அதற்கு மேலும் பதினெட்டு! இதனை வேட்டை என்பதா, அத்துமீறல் என்பதா?

அந்த 81 எவரும் இட்ட பிச்சையன்று. 1837ஆம், 1842ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் ஒஜிப்வே மக்கள் தம் நிலத்தை அமெரிக்க அரசுக்குக் கொடுத்தபோது, அந்நிலத்தில் வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் காட்டுப்பொருள் சேர்க்கவும் தமக்குள்ள உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டனர். அவ்வுரிமை உயிரோடிருக்கின்றது என்பதை மத்திய மேன்முறையீட்டு நீதிமன்று 1983இல் உறுதிப்படுத்தியது. ஓநாயை அம்மக்கள் 'மாயிங்கன்' என்று அழைப்பர். மனிதனின் உடன்பிறப்பாகக் கருதுவர். ஒருவருக்கு நேர்வது மற்றவருக்கும் நேரும் என்பது அவர்தம் நம்பிக்கை. ஆகவே, தம் பங்கைப் பெற்று, அவ்வோநாய்களை உயிரோடு விட அவர்கள் முடிவு செய்திருந்தனர். உரிமை என்பது கொல்லும் உரிமை மட்டுமா? கொல்லாது விடும் உரிமை அதனுள் அடங்காதா? அவர்கள் எடுக்கவில்லை என்பதற்காக அது எவரும் எடுக்கத்தக்க பொருளாகிவிடுமா? அயலவன் தன் மாவிற் பழம் பறிக்கவில்லை என்பதற்காக வேலிபாய்ந்து பறிப்பவனை எந்த நீதிவானும் விடுதலை செய்யமாட்டார்.

"கமக்காரனுக்காகவே செய்தோம்" என்பது அவர்களின் வாதம். கன்று கொன்ற ஓநாய் எது என்று அந்த மூன்று நாட்களில் எவர் விசாரித்தார்? கொல்லப்பட்டவற்றுள் மிகப் பெரும்பாலானவை வேட்டைநாய்களை ஏவிப் பிடிக்கப்பட்டவை. பெப்ரவரி ஓநாய்கள் இணைசேரும் மாதம் என்பதையும் எவரும் பொருட்படுத்தவில்லை. குற்றம் செய்தவனை விட்டு ஊரைச் சுடுவதைத் தண்டனை என்று எந்த நீதிநூலும் ஒப்புக்கொள்ளாது.

எனினும் எதிர்த்தரப்பின் நியாயத்தை மறைப்பது எமக்கு அழகன்று. காட்டோரத்தில் கன்றை இழப்பவன் ஒருவன். நகரத்தில் இருந்துகொண்டு ஓநாயின் அழகைப் போற்றுபவன் இன்னொருவன். சுமை முழுவதும் முன்னவன் தோளில் விழுகின்றது. நிரூபிக்கப்பட்ட இழப்புக்கு அம்மாநிலம் நட்டஈடு வழங்குகின்றது. ஆனால் இரவில் உறக்கமின்றிப் பட்டிகாத்த சிரமத்துக்கு யார் நட்டஈடு தருவார்? 2022 பெப்ரவரியில் மத்திய நீதிமன்றொன்று பாதுகாப்பை மீண்டும் நிலைநாட்டியது. அத்தகைய முழுப் பாதுகாப்பு நிலவுங்கால், மனித உயிருக்கு ஆபத்து நேர்ந்தாலன்றி, கன்று கொன்றது இதுவே என்று நிரூபணமான ஓநாயையும் கொல்ல இடமில்லை. ஒரு காலம் கண்மூடிய வேட்டை. மறு காலம் கண்மூடிய தடை. இரண்டிலும் கமக்காரனின் முறைப்பாட்டைச் செவிமடுத்தார் எவருமிலர்.

பெப்ரவரி அனுபவத்தால் அதிகாரிகள் திருந்தினரா? அவ்வாண்டின் இலையுதிர்காலத்துக்குத் திணைக்களம் 130 போதும் என்றது. அதற்கு மேலான சபையோ 300 என்று தீர்மானித்தது. ஆறு ஒஜிப்வே குலங்கள் மத்திய நீதிமன்றை நாடின. மாநில நீதிமன்றொன்று ஒக்டோபரில் இடையிட்டுத் தடுத்தமையால் அவ்வேட்டை நடைபெறவில்லை.

எமது முடிபு இதுவே. தீங்கு செய்த விலங்கை அடையாளங்கண்டு அகற்றும் அதிகாரம் இருக்கவேண்டும். அது தீங்கு நேர்ந்த இடத்தோடு நிற்கவேண்டும். வேலிக்கும் காவல்நாய்க்கும் இழப்புக்கும் ஆகும் செலவைப் பொதுத் திறைசேரியே ஏற்கவேண்டும். ஏனெனில் காடு அனைவருக்கும் பொது. உடன்படிக்கையாற் பங்குபெற்ற மக்களைத் தீர்மானம் எழுதுமுன் அழைக்கவேண்டுமேயன்றி, எழுதிய பின் அறிவித்தால் போதாது. இம்மூன்றும் இல்லாதவிடத்து, பட்டியைக் காக்கின்றோம் என்று எவர் துவக்கெடுத்து வந்தாலும், பட்டிக்குச் சொந்தக்காரனே முதலில் அவரைத் தடுத்து, "எந்த ஓநாய்?" என்று கேட்கட்டும்.