சரிவில் கோடு போட்டது யார்?

2020-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி. போலந்து நாட்டின் நிலக்கரிச் சுரங்க வட்டாரத்திலுள்ள காட்டோவிட்சே நகரம். போலந்து சைக்கிள் பந்தயத்தின் முதல் நாள் ஓட்டம் அங்கே முடிகிறது. முடிவுக் கோடு போட்டிருந்த இடம் சமதரையல்ல, இறக்கம். அந்த இறக்கத்தில் மணிக்குச் சுமார் 80 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு டச்சு வாலிபர்கள் தோளோடு தோள் உரச வருகிறார்கள். முன்னே வந்த டைலன் க்ரூனவேகன் தன் நேர்வழியை விட்டு ஓரமாக விலகினார். பக்கத்தில் வந்த ஃபாபியோ யாகொப்சனுக்கு இடமில்லை. தடுப்பு வேலியில் மோதினார். வேலி சிதறிப் பறந்தது. அவரும் பறந்தார்.

மூளையில் அடி. மண்டையோட்டில் விரிசல். பத்துப் பற்கள் போயின. தாடை எலும்பில் ஒரு பகுதியே போயிற்று. முகத்தில் 130 தையல். ஆஸ்பத்திரியில் மயக்க நிலையிலேயே வைத்திருந்து ஆபரேஷன் செய்தார்கள். அப்போது அவருக்கு வயது 23.

பிறகு நீதி வழங்கினார்கள். எப்படிப்பட்ட நீதி? க்ரூனவேகனின் முதலிடம் பறிக்கப்பட்டது. சர்வதேச சைக்கிள் சம்மேளனம் அவரை ஒன்பது மாதம் பந்தயத்திலிருந்து விலக்கி வைத்தது. அத்தோடு கணக்கை முடித்துக்கொள்ளப் பார்த்தார்கள். உலகமெங்கும் பத்திரிகைகளில் ஒரே பெயர்தான் அடிபட்டது. சரிவிலே கொண்டுபோய்க் கோடு போட்டார்களே, அவர்கள் பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டோம்?

க்ரூனவேகன் குற்றமற்றவர் என்று நாம் வாதாட வரவில்லை. அவர் வழிவிலகியது தப்பு. அவரே ஒப்புக்கொண்டார், கண்ணீர் விட்டார். ஆனால் நாம் கேட்கிறோம்: அதே தப்பு சமதரையில், 60 கிலோமீட்டர் வேகத்தில், உடையாத வேலியின் பக்கம் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தோல் சிராய்ந்திருக்கும், தோள் எலும்பு முறிந்திருக்கும். மனிதன் தவறு செய்வான் என்பது எவருக்கும் தெரிந்த சங்கதி. அந்தத் தவறு உயிரைக் குடிக்கும்படி இடத்தை அமைத்தவன் யார் என்பதுதான் கேள்வி. அந்த இறக்கத்து முடிவு ஆபத்தானது என்று பந்தயக்காரர்கள் அதற்கு முன்பே பல வருஷங்களாக முறையிட்டு வந்தார்கள். முறையீடு காற்றோடு போயிற்று. வருஷா வருஷம் அங்கேயே கோடு போட்டார்கள்.

பஞ்சாலைத் தோழர்களுக்கு இந்த நியாயம் புதிதல்ல. பல் சக்கரத்துக்கு மூடி போடமாட்டான். விரல் போனால் மட்டும் "தொழிலாளியின் அஜாக்கிரதை" என்று எழுதிக்கொள்வான்.

இந்தப் பந்தயம் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். நாம் ஷிப்டுக்கு ஓட்டிப்போகிற வண்டியை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் விளங்காது. இது ஏழு கிலோ கூடத் தேறாத வண்டி. அணிக்கு எட்டுப் பேர். பிரான்சைச் சுற்றும் பந்தயத்தில் 170, 180 பேர் ஒரே கும்பலாக வருவார்கள். முன்னே போகிறவன் காற்றைக் கிழிக்கிறான், பின்னே ஒண்டி வருகிறவனுக்குப் பாரம் பெருமளவு குறைகிறது. ஆகவே ஒவ்வோர் அணியும் தன் வேகக்காரனை நடுவில் வைத்து, ரயில் பெட்டிகள் போல் வரிசை கட்டி இழுத்து வருகிறது. ஒருவன் இழுத்து ஓய்ந்ததும் ஒதுங்குவான், அடுத்தவன் இழுப்பான். கடைசி 200 மீட்டரில் வேகக்காரன் மட்டும் பாய்வான். எல்லா அணிகளும் ஒரே சாலையில் இதையே செய்கின்றன. ஒரு சக்கரத்துக்கும் இன்னொரு சக்கரத்துக்கும் நடுவே சாண் இடைவெளி.

இதில் இன்னொரு சிக்கல். மூன்று வாரப் பந்தயத்தின் மொத்தக் கணக்கில் முதலிடம் பிடிக்க நினைப்பவர்கள் வேகக்காரர்கள் அல்ல, மலை ஏறுகிறவர்கள். அவர்களுக்கு இந்தக் கடைசிப் பாய்ச்சலில் வேலையே இல்லை. ஆனாலும் கும்பல் இரண்டாக அறுந்தால் சில விநாடிகள் போய்விடுமே என்று அவர்களும் முன்னே நெருக்குகிறார்கள். கடைசி மூன்று கிலோமீட்டருக்குள் விழுந்தால் நேரம் கழிக்கப்படாது என்றொரு விதி உண்டு. அதற்கு முன்னால் விழுந்தால்? போனது போனதுதான்.

2021 ஜூன் 28. பிரான்சில் பொந்திவி என்ற ஊரில் ஓட்டம் முடிய வேண்டும். கடைசிப் பகுதி குறுகல், வளைவு, இறக்கம். நேரத்தை ஐந்து கிலோமீட்டருக்கு முன்பே எடுத்துக்கொள்ளுங்கள், சண்டை போடுகிற வேகக்காரர்கள் மட்டும் போய்ச் சண்டை போடட்டும் என்று பந்தயக்காரர்கள் தரப்பில் கேட்டார்கள். வழியைப் பார்த்தவர்கள், அனுபவஸ்தர்கள், முன்கூட்டியே கேட்டார்கள். விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. நான்கு கிலோமீட்டர் இருக்கும்போது ஆஸ்திரேலியரான ஜாக் ஹெய்க் விழுந்து எலும்பு முறிந்து பந்தயத்தை விட்டார். கோட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் கேலப் யூவன் விழுந்தார். கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. அவர் மோதி உலகச் சாம்பியனாக மூன்று முறை வந்த பீட்டர் சகானும் விழுந்தார்.

மறுநாள் காலை பந்தயம் துவங்கியதும் அத்தனை பேரும் சற்று தூரத்தில் வண்டியை நிறுத்திக் கால் ஊன்றி நின்றார்கள். ஒரு நிமிஷம். அவ்வளவுதான். பிறகு மிதிக்கத் தொடங்கினார்கள்.

கேட்டதில் ஒரு பகுதியாவது எப்போது கிடைத்தது? மூன்று கிலோமீட்டரை ஐந்து வரை நீட்டலாம் என்று 2024-ல்தான் சம்மேளனம் சோதனையாக அனுமதித்தது. ஒரு கோட்டை இரண்டு கிலோமீட்டர் நகர்த்த மூன்று வருஷம்! காலுறை கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவைத் தாண்டக்கூடாது என்று விதி போட்டு, அதை அளக்க அளவுகோல் வைத்திருக்கிறார்கள். வீரன் வண்டிக் குழாயின் மேல் குந்தி இறக்கத்தில் இறங்கக்கூடாது என்று 2021 ஏப்ரலில் தடை போட்டார்கள். வீரனின் உடம்பைப் பற்றி விதி எழுதுவதென்றால் பேனா எவ்வளவு வேகமாக ஓடுகிறது!

இப்போது மஞ்சள் அட்டை வந்திருக்கிறது. 2025-ம் ஆண்டு முதல் இது அமுலில் இருக்கிறது. ஒரே பந்தயத்தில் இரண்டு அட்டை வாங்கினால் வெளியேற்றம், ஏழு நாள் விலக்கு. முப்பது நாளில் மூன்று வாங்கினால் பதினான்கு நாள். வீரனுக்கு அட்டை, அணியின் காரோட்டிக்கு அட்டை. நல்லது, அடாவடி செய்பவனைக் கட்டுப்படுத்தட்டும். ஆனால் திருப்பத்தை ஒட்டி முடிவுக் கோடு போட்டவனுக்கு எந்த நிறத்தில் அட்டை?

"ஆபத்து இந்த விளையாட்டின் உயிர், விருப்பப்பட்டுத்தானே வருகிறார்கள்" என்று சில மேதாவிகள் எழுதுகிறார்கள். "பயமாயிருந்தால் பிரேக் பிடிக்கட்டுமே" என்கிறார்கள். பிரேக் பிடித்தவனுக்கு அடுத்த வருஷம் ஒப்பந்தம் யார் தருவது? அணிகளுக்குச் சொத்து கிடையாது. சட்டையில் கம்பெனிப் பெயரைப் போட்டுக்கொண்டு அந்தக் கம்பெனி தருகிற பணத்தில் வாழ்கின்றன. டெலிவிஷன் வருமானமோ பந்தயத்தை நடத்துகிறவனுக்கு. கம்பெனி கைவிட்டால் அணியே கலைந்து போகும். 2020 முதல் 2022 வரை மூன்று வருஷப் புள்ளிகளைக் கூட்டிப் பதினெட்டு அணிகளுக்கு மட்டும் மேல்தட்டு அனுமதி என்று ஏற்பாடு செய்தார்கள். 2022 முடிவில் இரண்டு அணிகள் கீழே தள்ளப்பட்டன. பத்தாவதாக வந்தாலும் புள்ளி என்றால், ஜெயிக்க வழியில்லாதவனும் பத்தாம் இடத்துக்காகத் தோளால் இடிக்கத்தானே செய்வான்? நெருக்குதலை மேலே இருந்து உண்டாக்கிவிட்டு, நெருக்கினவனைப் பிடித்துத் தண்டிக்கிறார்கள்.

தண்டிப்பதிலாவது நிதானம் உண்டா? 2017-ல் விட்டெல் நகரில் மார்க் கேவண்டிஷ் வேலியில் மோதித் தோள்பட்டை எலும்பு முறிந்தபோது, அன்று மாலையே பீட்டர் சகானைப் பந்தயத்திலிருந்து துரத்தினார்கள். அந்த வருஷம் டிசம்பரில், அது வேண்டுமென்று செய்ததல்ல, துரதிருஷ்டவசமான சம்பவம் என்று அதே சம்மேளனம் அறிக்கை விட்டது. ஐந்து மாதம் கழித்து! 1994-ல் ஆர்மந்தியேர் முடிவில் படம் பிடிக்கச் சாலைக்குள் எட்டிப் பார்த்தவர் காவல்காரர். நெலிசன் அவர் மேல் மோதி வீழ்ந்தார். ஜலபெர் முகம் சிதைந்து ரத்த வெள்ளத்தில் உட்கார்ந்திருந்தார். எந்த வீரனின் அஜாக்கிரதை அது?

பந்தயக்காரர்கள் ஒற்றுமையாய் நின்ற நாட்களும் உண்டு. 1978 ஜூலையில், ஒரே நாளில் இரண்டு ஓட்டம், விடியுமுன் எழுப்பிவிடுவது, தூக்கமில்லை என்ற கொடுமை தாளாமல், வலான்ஸ் தாழான் என்ற ஊரில் அத்தனை பேரும் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டே கோட்டைக் கடந்தார்கள். முன் வரிசையில் பெர்னார் இனோ; அவருக்கு அதுதான் முதல் பிரெஞ்சுச் சுற்று. காத்திருந்த ஜனங்கள் கூச்சலிட்டார்கள். அந்த ஓட்டம் ரத்தாயிற்று. 2020 ஆகஸ்டில் நீஸ் நகரத்து மழையில், வழுக்குகிற இறக்கத்தில் யாரும் பாயக்கூடாது என்று டோனி மார்ட்டின் கையை விரித்துக் காட்டியதும் கும்பல் மெதுவாக இறங்கியது. எந்த அதிகாரியும் உத்தரவு போடவில்லை.

1999 முதல் இவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. அது யோசனை சொல்லலாம், கேட்கலாம். பொந்திவியிலும் கேட்டார்கள். கேட்கிற உரிமை போதாது. முடிவுக் கோடு எங்கே என்று வரைபடம் தயாராகும்போதே ஓட்டுகிறவர்களின் பிரதிநிதி அங்கே இருக்க வேண்டும். அவர் கையெழுத்தில்லாமல் அந்தப் படம் அச்சேறக் கூடாது. இறக்கத்தில் முடிவு கூடாது. காலை நீட்டிச் சக்கரத்தை மாட்டுகிற இரும்பு வேலி கூடாது. சாய்வான, உடையாத வேலி வேண்டும். அது கிடைக்காத பொருளல்ல, பணமுள்ள பந்தயங்களில் இன்று வைக்கிறார்கள். சின்னப் பந்தயக்காரன் செலவு அதிகம் என்கிறான். வேலி வாங்கப் பணமில்லாதவன் பந்தயம் வைப்பானேன்?

யாகொப்சன் எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். 2022-ல் டென்மார்க்கில் துவங்கிய பிரெஞ்சுச் சுற்றில் இரண்டாம் நாள் அவர் ஜெயித்தார். மூன்றாம் நாள் ஜெயித்தவர் க்ரூனவேகன்.