அகற்றியவர்களே அழகுபடுத்துகிறார்கள்

சென்னையில் சுவரோவியம் பார்க்க எங்கே போகலாம் என்று கேட்டால் இன்று பலரும் சொல்லும் பெயர் கண்ணகி நகர். 2020 தொடக்கத்தில் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை, ஏசியன் பெயிண்ட்ஸ் நிறுவனம், சென்னை மாநகராட்சி எல்லாம் சேர்ந்து அங்குள்ள குடியிருப்புகளின் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்களைத் தீட்டின. டெல்லியின் லோதி காலனியைப் போல இதுவும் ஒரு 'கலை மாவட்டம்' ஆனது. கேமராவோடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சிரிக்கும் குழந்தை முகங்கள் இன்ஸ்டாகிராமில் சுற்றின.

படம் எடுப்பவர்கள் அந்தச் சுவரிடம் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். இந்தக் குழந்தையின் தாத்தா பாட்டி எந்தத் தெருவில் வாழ்ந்தார்கள்?

அடையாற்றங்கரை, கூவக்கரை, பக்கிங்காம் கால்வாய் ஓரம், கடற்கரைக் குப்பங்கள் என்று நகரத்தின் நடுவில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்களை 2000 முதல் அள்ளிக்கொண்டு வந்து கொட்டிய இடம்தான் கண்ணகி நகர். 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கம். ஒவ்வொரு பேரிடரும் சேரிகளை அப்புறப்படுத்த அரசுக்குக் கிடைத்த வாய்ப்பாகவே மாறியது. அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். ஊருக்கு வெளியே சேரி என்பது கிராமத்தின் பழைய ஒழுங்கு. அதே ஒழுங்கை மாநகரத்தில், மாடிக் கட்டடமாக, அரசு முத்திரையோடு கட்டி எழுப்பியிருக்கிறார்கள்.

வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் மீன் விற்கவும் நடந்தே போனவர்கள், அதே வேலைக்கு 20 கிலோமீட்டர் பேருந்தில் போக வேண்டியதாயிற்று. பலருக்கு வேலையே போனது. பிள்ளைகளின் பள்ளி பாதியில் நின்றது. பிறகு ஊடகங்களும் காவல்துறையும் அந்த இடத்துக்கு 'குற்றப் பகுதி' என்று பெயர் வைத்தன. பழைய மாமல்லபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களில் வேலை கேட்டுப் போகும் இளைஞர்கள் முகவரியை மாற்றிச் சொல்ல வேண்டிய நிலை வந்தது. முகவரியைக் கேட்டுச் சாதியைக் கண்டுபிடிக்கும் வித்தை நம் சமூகத்துக்குப் புதிதா என்ன?

இப்போது 'கண்ணகி நகரின் பிம்பத்தை மாற்றுகிறோம்' என்கிறார்கள். அந்தப் பிம்பத்தை உருவாக்கியது யார்? நகரத்தை விட்டுத் துரத்தியவர்கள், குடிநீரும் மருத்துவமனையும் இல்லாமல் குடியேற்றியவர்கள், எந்தத் திருட்டு நடந்தாலும் முதலில் இங்கே வந்து பையன்களைத் தூக்கியவர்கள். மாற வேண்டியது அவர்கள். வண்ணம் பூசப்படுவதோ இவர்கள் வீட்டின் மேல்! குற்றவாளியின் முகத்தைக் கழுவாமல், அடிபட்டவரின் முகத்துக்குப் பவுடர் பூசும் வேலை இது.

தொடக்கத்தில் கட்டிய கட்டடங்களில் ஒரு வீடு சுமார் 200 சதுர அடி. அதற்குள்தான் சமையல், படுக்கை, படிப்பு, பிரசவித்த மகள், நோயாளியான அப்பா. சுவரின் வெளிப்பக்கத்தில் ஒரே ஒரு ஓவியம் எடுத்துக்கொள்ளும் பரப்பு, உள்பக்கத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த பரப்பைவிடப் பெரியது. பார்க்க வருபவர் வெளிப்பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்.

'அங்கே இருக்கிற மக்களுக்கே ஓவியம் பிடித்திருக்கிறதே, உங்களுக்கு என்ன?' என்று கேட்பார்கள். பிடித்திருக்கிறது, உண்மைதான். சாம்பல் நிறச் சுவருக்கும் வண்ணச் சுவருக்கும் நடுவே யாரும் வண்ணத்தைத்தான் கேட்பார்கள். அழகு ஒடுக்கப்பட்டவர்களுக்கு வேண்டாம் என்று சொல்லும் முற்போக்கு எனக்கும் வேண்டாம். ஓவியர்கள் மீதும் எனக்குக் கோபமில்லை. என் கேள்வி சுவரைப் பற்றியது. அதில் எதை வரைவது என்று முடிவெடுக்கும் உரிமை யார் கையில் இருக்கிறது?

ஏனென்றால், சேரிக்கு எப்போதும் சொந்த ஓவியம் உண்டு. நீலத்தில் அம்பேத்கர், இறந்துபோன நண்பனின் முகம், கால்பந்து வீரர், கேரம் மன்றத்தின் பெயர். அவற்றை யாரும் பொதுக்கலை என்று சொன்னதில்லை. திறந்தவெளி அழகைக் கெடுப்பதைத் தடுக்க 1959லேயே இங்கே சட்டம் வந்தாயிற்று. எது அழகு, எது அழகுக்கேடு என்று தீர்மானிக்கும் கை மட்டும் மாறவில்லை. நிறுவனத்தின் பணத்தில் வரைந்தால் கலை. தெருப் பையன் அம்பேத்கரை வரைந்தால் 'சட்டம் ஒழுங்கு'. தமிழ்நாட்டில் அம்பேத்கர் சிலைகள் கம்பிக் கூண்டுக்குள் நிற்கின்றன. சிலையை உடைப்பவனை வெளியே விட்டுவிட்டு, சிலையைச் சிறையில் வைத்த மாநிலம் இது. ஒரு சுவருக்காக உயிர் போகும் என்பதை பா. ரஞ்சித்தின் 'மெட்ராஸ்' 2014இல் சொன்னபோது சிலர் மிகை என்றார்கள். சுவர் என்பது அதிகாரம் என்று வடசென்னைக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இனி காட்சிக்கூடங்களுக்கு வருவோம். 1850இல் தொடங்கிய ஓவியப் பள்ளி இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் தாங்களே உருவாக்கிய சோழமண்டலம், கண்ணகி நகரிலிருந்து சில கிலோமீட்டர்தான். கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமி. பல கண்காட்சிகளுக்கு அனுமதிச்சீட்டே கிடையாது. ஆனாலும் அந்த வாசலைத் தாண்ட, சீட்டில் எழுதாத ஒரு தகுதி தேவைப்படுகிறது. காவலாளியின் பார்வையிலும் ஆங்கில விளக்க அட்டையிலும் அது தெரியும். நகரத்தின் கலை கண்ணகி நகருக்கு வரும், கண்ணகி நகர் நகரத்தின் கலைக்கூடத்துக்குப் போகாது. இந்த ஒருவழிப் பாதைக்குப் பெயர் கலைப் பரவலாக்கம்!

பாதையைத் திருப்பிப் போட்டவர்களும் இருக்கிறார்கள். மலக்குழி மரணங்களையும் தூய்மைப் பணியாளர்களின் வாழ்வையும் பழனிக்குமார் எடுத்த ஒளிப்படங்கள் 2017இல் 'நானும் ஒரு குழந்தை' என்ற கண்காட்சியாயின. நீலம் பண்பாட்டு மையத்தின் 'வானம்' விழா ஒவ்வொரு ஏப்ரலிலும் தலித் கலையை நகரத்தின் நடுவில் நிறுத்துகிறது. இவர்கள் சேரியை அழகாக்கிக் காட்டவில்லை. சேரி உலகத்தைப் பார்த்து என்ன சொல்கிறது என்று காட்டினார்கள்.

ஆகவே கோரிக்கைகள் எளியவை. குடியிருப்புச் சுவரில் எதை வரைவது என்று அங்கே வாழ்பவர்களின் கூட்டம் முடிவெடுக்கட்டும். வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அதில் சேர்த்திதான். அந்தப் பகுதிப் பெண்களும் இளைஞர்களும் கூலியோடு, பெயரோடு ஓவியர்களாகட்டும். எங்கிருந்து, எந்த ஆண்டில், யாரால் அகற்றப்பட்டோம் என்ற வரலாற்றுக்கு ஒரு சுவர் ஒதுக்குங்கள். அதற்கும் இதே நிறுவனம் பெயிண்ட் தரட்டும், இதே மாநகராட்சி அனுமதி தரட்டும், பார்க்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியேற்றத்தை நிறுத்துங்கள். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டபோது ஒரு முதியவர் தீக்குளித்து இறந்தார். அவர் கேட்டது ஓவியம் வரைந்த சுவரை அல்ல, தான் வாழ்ந்த இடத்தில் நின்றுகொண்டிருந்த சுவரை.