ஏரித் செத்தாளா இல்லையா?

ரீமேக் எண்டா கதையில கை வைக்கவே கூடாது எண்டு சொல்லுற கட்சியில நான் இல்லை. 2005இல் வந்த ரெசிடென்ட் ஈவில் 4ஐ 2023இல் திருப்பிச் செய்தபோது லூயிஸுக்குக் கூடுதல் இடம் கொடுத்தார்கள். அவன் சாகிறது இப்பதான் உண்மையாவே வலிக்குது. அப்படி மாத்துங்கோ, ஆர் வேண்டாம் எண்டது?

பைனல் பேன்டசி 7 வேற கதை. 1997இல் செபிரோத்தின் வாள் ஏரித்தின் முதுகில் இறங்கினதோட எல்லாம் முடிஞ்சுது. அவளுக்கு எவ்வளவு லெவல் ஏத்தி வச்சிருந்தாலும் பிரயோசனமில்லை, திரும்பி வரமாட்டாள். 2020 ரீமேக்கில், கதை தடம் மாறினா வந்து தடுக்கிற விஸ்பர்ஸ் எண்ட ஆவியள் வரும். கடைசியில நாங்களே அதுகளை அடிச்சு விழுத்திறம். பழைய ரசிகர்களுக்கு ஒரு நக்கல் மாதிரியும் கிடக்கு, நல்ல யோசனைதான். ஆனா 2024இன் ரீபேர்த்தில் அதே இடத்தில் கிளவுட் வாளைத் தடுக்கிறான், அடுத்த கணம் ரத்தம், பிறகு மற்றவை அழுதுகொண்டிருக்க இவன் அவளோட கதைச்சுக்கொண்டு நிக்கிறான். என்ன நடந்தது எண்டு யோசிக்கிறதிலேயே அழவேண்டிய நேரம் போயிடுது. விதியை உடைக்கிறதெண்டா உடைச்சு அவளைக் காப்பாத்தியிருக்கலாம். இல்லாட்டி சாக விட்டிருக்கலாம். மூன்றாம் பாகம் வரைக்கும் ஒரு சாவைத் தொங்கவிட்டு வைக்கிறது எனக்குப் பிடிக்கேல்லை.