மருந்து கொடுக்கும் கைக்கு ஓமோன் தெரிய வேண்டும்

"தாதிய மாணவருக்கு ஓமோன் பாடம் இவ்வளவு ஆழமாக எதற்கு? வைத்தியர் எழுதியதைக் கொடுத்தால் போதாதா?" என்ற வாதத்தை முற்றாக மறுக்கிறேன்.

தன்னாமுனையிலிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு வரும் ஒரு நீரிழிவு நோயாளியை எடுத்துக்கொள்வோம். காலையில் இன்சுலின் ஏற்றியாயிற்று, சாப்பாடு இறங்கவில்லை. வியர்க்கிறது, கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. குருதியில் சீனி குறைந்ததும் அதிரீனல் சுரப்பி அதிரீனலினை விட்டு எழுப்பும் எச்சரிக்கை அது. பீற்றா தடுப்பு மருந்து குடிப்பவருக்கு நடுக்கமும் படபடப்பும் மறைந்துபோகலாம், வியர்வைதான் மிஞ்சும். அந்த நேரத்தில் கட்டிலருகே நிற்பவர் தாதிதான்.

பிரசவத்தில் பெருமளவு குருதி இழந்த தாய்க்குப் பால் வரவில்லை. "தொடர்ந்து குடுங்க, வரும்" என்று சொல்லி நகர்ந்துவிடலாமா? குருதியோட்டம் குன்றிக் கபச்சுரப்பி சிதைந்திருந்தால் புரோலக்ரின் சுரக்காது. அச்சுரப்பியின் ஏவல் நின்றால் கோர்ட்டிசோலும் தைரொக்சினும் குறையும்; உயிருக்கே ஆபத்து. இதை முதலில் சந்தேகித்து வைத்தியரை அழைக்க வேண்டியவர் யார்?

பாடம் கனமானது என்பது உண்மை. அதற்குப் பரிகாரம் பக்கங்களை வெட்டுவதல்ல. விடுதியில் இருக்கும் நோயாளியை முன்வைத்துச் சுரப்பிகளைக் கற்பிப்பது.