எடுத்துடலாமா, தூக்கிக் கட்டலாமா?

சேந்தமங்கலத்தில் லாரிக்கு இன்ஜின் வேலை வந்தால் ஓனர் என்ன செய்வார்? நாமக்கல்லில் நாலு பட்டறை ஏறி இறங்கி விசாரிப்பார். அதே வீட்டு அம்மாவுக்குக் கர்ப்பப்பை இறங்கிவிட்டால் மட்டும் ஒரே கேள்விதான்: "எப்போ எடுக்கறது?"

இத்தனைக்கும் தப்பு கர்ப்பப்பை மேல் இல்லீங்க. பிரசவத்தாலும் வயசாலும் பாரம் தூக்கியும் தளர்ந்துபோனது அதைத் தாங்குகிற தசையும் நாரும். அதைச் சரிசெய்யாமல் கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால், சில வருடம் கழித்து பிறப்புறுப்பின் மேல்பகுதியே கீழே இறங்கலாம். பந்தல் கால் சாய்ந்ததற்குச் சுரைக்காயைப் பறித்துப் போட்ட கதை!

தூக்கிக் கட்டும் ஆபரேஷன் ஒன்றும் புதுசில்லை. பம்பாய் டாக்டர்கள் ஷிரோத்கர், புரந்தரே பெயரிலேயே அது மருத்துவப் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. இன்னும் குழந்தை வேண்டும் என்கிற இளம்பெண்களுக்கு இது முக்கியம். கர்ப்பப்பையை இடுப்பெலும்பு நாரோடு சேர்த்துத் தைக்கும் முறையும் உண்டு. நெதர்லாந்தில் 208 பெண்களை இரண்டாகப் பிரித்து, பாதிப்பேருக்கு இப்படித் தைத்தார்கள், மீதிப்பேருக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். 2015-ல் வெளிவந்த முடிவு: ஒரு வருடத்தில், தைத்தது எடுத்ததற்குக் குறைந்ததில்லை. தைத்தால் கொஞ்ச நாள் பிட்டத்தில் வலி இருக்கலாம். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதற்காக எடுப்பதே தப்பு என்று யாரும் கிளம்ப வேண்டாம். ரத்தப்போக்கு, புற்றுநோய் சந்தேகம் என்றால் எடுப்பதுதான் சரி. ரொம்ப வயசாகி, தாம்பத்தியம் இனி வேண்டாம் என்கிற பாட்டிகளுக்கு வழியையே தைத்து மூடும் சின்ன ஆபரேஷன் இருக்கிறது. கத்தியே வேண்டாம் என்றால் உள்ளே வைக்கும் வளையம் இருக்கிறது. கழற்றிக் கழுவி மாட்டலாம், அவ்வளவுதான். பிறப்புறுப்பு வழியாக வைக்கும் வலை மட்டும் உஷார். வலி, வலை உள்சுவரை அரித்துப் புண்ணாக்குவது என்று புகார்கள் குவிந்து, இறக்கத்துக்கு அதை விற்பதை அமெரிக்கா 2019-ல் நிறுத்தியது.

இதையெல்லாம் அந்த அம்மாவிடம் யார் உட்கார்ந்து சொல்கிறார்கள்? வீட்டுக்காரர், மகன், மாமியார் கூடிப் பேசி முடித்துவிடுவார்கள். அவர் கைநாட்டு வைத்தால் போதும். சில இடத்தில் அதுகூட இல்லை. டெல்லியில் பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு, அவர் அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். 2008-ல் உச்ச நீதிமன்றம் அந்தக் கையெழுத்து செல்லாது என்றது. வயதுவந்த பெண்ணுக்கு அவர் சம்மதம்தான் சம்மதம், மாற்று சிகிச்சை இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றும் தீர்ப்பு எழுதியது. அந்தத் தீர்ப்பு சேந்தமங்கலத்துக்கும் சேர்த்துத்தான்.